தொழிலாளரின் மனக்குறையைத் தேடிப் போன கோ. நடேசய்யர்



வணிகக் கல்வியில் ஊழியர் பற்றிய பகுதியைப் படிக்கும்போது 'தொழில் திருப்தி' என்ற சொற்றொடரைச் சந்திப்பீர்கள். ஒருவர் தாம் செய்யும் வேலை, பெறும் சம்பளம், மேலதிகாரி நடத்தும் விதம், உடன் வேலை செய்வோர், முன்னேறும் வாய்ப்பு ஆகியவற்றைப் பற்றி மனத்தில் கொண்டிருக்கும் நிறைவே தொழில் திருப்தி எனப்படும். வரைவிலக்கணம் எளிது. அதை எவ்வாறு அளப்பது என்று கேட்டால்தான் பலருடைய பேனை நின்றுவிடுகிறது. எமது சம்மாந்துறையில் நெல்லை மரைக்காலால் அளந்து அவணக் கணக்கில் சொல்லிவிடலாம். மனநிறைவை எந்த மரைக்காலில் அளப்பது?

மாணவர்கள் வழமையாக எழுதும் விடை ஒன்று உண்டு. ஊழியர்கள் வேலையை விட்டுப் போகாமல் இருந்தால் அவர்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று எழுதுவார்கள். இந்த விடை பாதிதான் சரி. மற்றப் பாதி ஏன் பிழையாகிறது என்பதை விளங்கிக்கொள்ள, வரலாற்றுப் பாடத்தில் நீங்கள் பெயரளவில் அறிந்த ஒருவரின் வாழ்க்கையை இங்கே பார்ப்போம். அவர்தான் கோ. நடேசய்யர்.

நடேசய்யர் 1887 ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் தஞ்சாவூர்ப் பகுதியில் பிறந்தார். வணிகமும் கணக்கும் அவருக்குப் பிடித்த துறைகள். வணிகர்களுக்காக 'வர்த்தகமித்திரன்' என்ற பத்திரிகையை நடத்தினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் அவரைத் தொழிற்சங்கத் தலைவர் என்றும் பேச்சாளர் என்றும்தான் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். என்னைக் கேட்டால், கணக்கேட்டைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் என்பதே அவருடைய முதல் பலம்.

1915 ஆம் ஆண்டு வணிகர் சங்கப் பணி ஒன்றுக்காக அவர் முதன்முதலாகக் கொழும்புக்கு வந்தார். அப்போது மலைநாட்டுத் தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தமிழரைப் பற்றிப் பலவாறான கதைகள் அவர் காதில் விழுந்தன. அந்த மக்களை நேரில் பார்க்க விரும்பினார்.

அக்காலத் தோட்டங்களின் நிலையை நீங்கள் அறிந்தால்தான் அந்த விருப்பம் எவ்வளவு சிக்கலானது என்பது விளங்கும். 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 5 இலட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தமிழர் இருந்தனர். அவர்களிற் பெரும்பாலானோர் தோட்டத் தொழிலாளர். தோட்டத்தின் தலைவர் வெள்ளைக்காரத் துரை. அவருக்குக் கீழே கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணிகள் என்று ஒரு படிவரிசை. தொழிலாளர் வாழ்ந்தது லயங்களில். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அறையொன்றில் ஒரு குடும்பம், சில வேளைகளில் அதற்கு மேலும்.

பெரிய கங்காணி இந்தியாவுக்குப் போய் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வருவார். வழிச்செலவுக்கும் பழைய கடனைத் தீர்ப்பதற்கும் முற்பணம் கொடுப்பார். அந்தப் பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். மாதச் சம்பளத்தில் அரிசிக்கும் கடனுக்கும் கழிவு போகும். குறித்த அளவு கொழுந்து பறிக்காத நாளில் முழுப்பேர் விழாது, அரைப்பேர்தான். ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்கள் என்பதைப் பொறுத்துக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைக்கும். காய்ச்சலோடு கிடப்பவரையும் கங்காணி ஏன் மலைக்கு விரட்டினார் என்பதற்கு இந்தத் தலைக்காசே பாதி விடை.

இனி நமது கேள்விக்கு வருவோம். தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் என்ன நடக்கும்? அவருடைய கடன் எவ்வளவு என்று எழுதிய 'துண்டு' ஒன்றைத் துரை கொடுக்க வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைச் செலுத்தி அவரை எடுத்துக்கொள்ளும். துண்டு இல்லாதவரை மற்றத் தோட்டங்கள் சேர்ப்பதில்லை. சொல்லாமல் விட்டுப் போனால் 1865 ஆம் ஆண்டின் தொழிற் சட்டப்படி அது குற்றம், சிறைத் தண்டனையும் உண்டு. ஆகவே ஒரு தொழிலாளி அதே தோட்டத்தில் 20 வருடம் இருந்தார் என்றால் அவர் திருப்தியாக இருந்தார் என்று எழுத முடியுமா? போக வழியில்லாமல் இருந்தார் என்பதும் அதே 20 வருடம்தான்.

தோட்ட முதலாளிகள் அதை அப்படிப் பார்க்கவில்லை. தங்கள் தொழிலாளர் மனநிறைவோடு இருப்பதாக அவர்கள் தொடர்ந்து சொல்லி வந்தார்கள். விசாரணைக்கு அதிகாரிகள் வந்தாலும், துரையும் கங்காணியும் பக்கத்தில் நிற்கும்போது எந்தத் தொழிலாளி வாய் திறப்பார்? வெளியாட்கள் தனியாக உள்ளே போகவும் முடியாது. தோட்டம் தனியார் நிலம் என்பதால் அனுமதியின்றி நுழைவது அத்துமீறலாகக் கருதப்பட்டது.

ஆனால் ஒரு வகையினருக்கு மட்டும் வழி திறந்திருந்தது. அவர்கள் புடைவை வியாபாரிகள். லயங்களுக்குத் துணி வேண்டுமே. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடமிட்டு, துணி மூட்டையுடன் தோட்டங்களுக்குள் போனார். தொழிலாளரோடு பேசினார், அவர்கள் வாழும் இடத்தைக் கண்ணால் பார்த்தார். திரும்பி வந்து தாம் கண்டவற்றை எழுதி வெளியிட்டார்.

இந்த நிகழ்ச்சியைப் பலர் துணிச்சலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். துணிச்சல்தான், மறுக்கவில்லை. நீங்கள் இதை ஒரு முறையாகவும் பாருங்கள். சேலை ஒன்றை விரித்து விலை பேசும்போது வாங்குபவர் தன் சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார். கையில் காசு இல்லை, அடுத்த மாதம் தருகிறேன் என்பார். ஏன் இல்லை என்று கேட்டால் அரிசிக் கழிவும் கங்காணிக் கடனும் தானாகவே வெளியே வரும். துரை முன்னிலையில் கிடைக்காத தகவல் இப்படிப்பட்ட பேச்சில்தான் கிடைக்கும். கேட்பவர் யார், எங்கே வைத்துக் கேட்கிறார், சொன்னால் தனக்குத் தீங்கு வருமா என்ற மூன்றும் விடையை மாற்றிவிடுகின்றன.

உலகின் மறுபக்கத்தில் இதே பாடத்தை ஒரு பெரிய தொழிற்சாலை மிகுந்த செலவு செய்து கற்றுக்கொண்டது. அமெரிக்காவின் சிக்காகோ நகருக்கு அருகே வெஸ்ரேண் இலெக்ரிக் கம்பனியின் ஹோதோண் தொழிற்சாலை இருந்தது. அங்கே 1924 இல் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் வேலை எவ்வாறு மாறுகிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள். பின்னர் எல்ற்றன் மேயோ என்ற பேராசிரியரும் அவருடைய துணைவரும் அந்த ஆய்வுகளோடு தொடர்புபட்டனர். 1928 முதல் 1930 வரை 20,000 இற்கும் அதிகமான ஊழியர்கள் நேர்காணப்பட்டனர். முதலில் எழுதி வைத்த கேள்விகளைத்தான் கேட்டார்கள். ஊழியர்களோ கேட்டதை விட்டுத் தமக்குப் பட்டதையே பேசினார்கள். அதன் பிறகு முறையை மாற்றி, அவர்கள் விரும்பியதைப் பேச விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அரை மணித்தியாலமாக இருந்த நேர்காணல் ஒன்றரை மணித்தியாலம் வரை நீண்டது. நடேசய்யர் மூட்டையோடு லயத்துக்குப் போனது அதற்கு 13 வருடங்களுக்கு முன்னர். அவர் விஞ்ஞான ஆய்வு செய்தார் என்று நான் சொல்லவரவில்லை. எத்தனை பேர், நூற்றுக்கு எத்தனை வீதம் என்ற அட்டவணை அவரிடம் இருக்கவில்லை. ஒரு மனிதரின் காதும் கண்ணும் மட்டுமே. அது அவருடைய முறையின் குறைபாடு என்று நீங்கள் தாராளமாக எழுதலாம், புள்ளி கிடைக்கும்.

1920 ஆம் ஆண்டளவில் அவர் இலங்கையிலேயே தங்கிவிட்டார். காலம் அவருக்குச் சாதகமாக மாறிக்கொண்டிருந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919 இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கம் ஒன்றை அமைத்து, வேலையை விட்டுப் போவதைக் குற்றமாக்கும் சட்டத்தை எதிர்த்து வந்தார். 1921 இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. வேலையை விட்டு நீங்குவதற்கான சிறைத் தண்டனையும் அந்தக் காலத்திலேயே நீக்கப்பட்டது. பரீட்சையில் துண்டு முறை ஒழிந்த ஆண்டைக் கேட்டால் 1921 என்று எழுதுங்கள். சிலர் 1927 என்று எழுதுகிறார்கள். அது ஆகக் குறைந்த சம்பளச் சட்டத்தின் ஆண்டு.

1921 இல் நடேசய்யர் 'தேசநேசன்' பத்திரிகையின் ஆசிரியரானார். 1924 இல் 'தேசபக்தன்' வெளிவரத் தொடங்கியது. இலங்கையின் தமிழ்ப் பத்திரிகைகளில் தோட்டத் தொழிலாளரின் குறைகளுக்குத் தொடர்ச்சியாக இடம் கொடுத்தவை இவை. தோட்டத்தில் எழுத வாசிக்கத் தெரிந்த ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்கலாம். வியாபாரியாக ஒருவர் போய் அறிந்த நிலை மாறி, தொழிலாளரின் குறைகள் அச்சில் ஏறத் தொடங்கின.

ஏ. ஈ. குணசிங்கவின் இலங்கைத் தொழிற்சங்கத்தில் அவர் உப தலைவராகவும் இருந்தார். கொழும்புத் தொழிலாளரின் வேலைநிறுத்தங்களில் இருவரும் சேர்ந்து நின்றனர். 1928 அளவில் பிரிந்தனர். வேலையில்லாப் பிரச்சினை கூடியபோது குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிரான நிலைப்பாட்டை எடுத்ததே பிரிவுக்குக் காரணம். 1920களின் நடுப்பகுதியில் நடேசய்யர் சட்டநிரூபண சபை உறுப்பினராகவும் தெரிவானார்.

அச்சபைக் காலத்தில் வந்த பெரிய மாற்றம் 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க ஆகக் குறைந்த சம்பளச் சட்டம். இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தலும் இதற்கு முக்கிய காரணம், தனி ஒருவரின் சாதனை என்று எழுத வேண்டாம். இதன்படி 1929 முதல் மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று நிர்ணயமானது. ஒரே மலையில் ஏறி இறங்கும் இருவருக்கும் 11 சத வித்தியாசம். கொழுந்து பறிப்பதில் பெரும் பங்கு பெண்களுடையது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். சம்பளம் சட்டத்தில் வந்த பிறகும் எவ்வளவு மனக்குறை மீதியாக இருந்திருக்கும் என்பது அப்போது தெரியும்.

சட்டம் வந்தாலும் அதைத் தொழிலாளி அறிய வேண்டும் அல்லவா? தனக்கு உரியது 54 சதம் என்று தெரியாதவர் 40 சதம் கிடைத்தாலும் பேசாமல் வாங்கிக்கொள்வார், திருப்தி என்றே சொல்லிவிடவும் கூடும். தொழில் திருப்தியை அளக்கும்போது நாம் மறந்துவிடும் இடம் இது. எதிர்பார்ப்பு குறைவாக இருந்தால் திருப்தி கூடுதலாகத் தோன்றும். நடேசய்யர் இதை நன்கு அறிந்திருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் தொழிலாளரின் கடமைகளையும் உரிமைகளையும் எளிய தமிழில் எழுதிச் சிறு நூலாக்கினார். தோட்ட வாழ்வின் அவலத்தை நாடகமாகவும் எழுதினார்.

இங்கே அவருடைய மனைவி மீனாட்சி அம்மாளைச் சொல்லாமல் விடக்கூடாது. தோட்டத்துக்குள் கூட்டம் வைக்க முடியாதபோது, தொழிலாளர் சாமான் வாங்க வரும் கடைவீதிகளில் அவர் பாடுவார். பாட்டுக் கேட்டு ஆட்கள் கூடுவார்கள். தமது பாடல்களை நூலாகவும் வெளியிட்டார். லயத்துப் பெண்கள் ஓர் ஆண் தலைவரிடம் சொல்லத் தயங்கும் குறைகள் பல இருந்திருக்கும். கேட்பவர் யார் என்பது முக்கியம் என்று முன்னர் பார்த்தோமே, மீனாட்சி அம்மாளின் பங்கை அந்தக் கண்ணோடும் பாருங்கள்.

1931 இல் அற்றனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நடேசய்யர் நிறுவினார். தோட்டத் தொழிலாளருக்கென்று அமைந்த முதலாவது தொழிற்சங்கம் இதுவே. அது உலகப் பொருளாதார மந்த காலம். தேயிலை விலை விழுந்ததால் நிர்ணயிக்கப்பட்ட சம்பளமும் வெட்டப்பட்டது. சம்மேளனம் அதை எதிர்த்தது. இதுவரை லயத்துக்குள் முணுமுணுப்பாக இருந்த மனக்குறை, கடிதமாகவும் கோரிக்கையாகவும் வெளியே வர ஒரு வாசல் கிடைத்தது. முகாமைத்துவ நூல்கள் இதைக் 'குறைகேள் முறை' என்று சொல்லும். ஒரு நிறுவனத்துக்கு எத்தனை முறைப்பாடுகள் வருகின்றன, எவை பற்றி வருகின்றன என்பதும் தொழில் திருப்தியை அறியும் வழிகளில் ஒன்று. ஆனால் கவனம்: முறைப்பாடே வராத இடம் நல்ல இடம் என்று முடிவுகட்டக் கூடாது. முறையிட வழியில்லாத இடமாகவும் அது இருக்கலாம். 1915 இன் தோட்டங்களில் முறைப்பாட்டுக் கோவை காலியாகத்தான் இருந்திருக்கும்.

1936 இல் அற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான நடேசய்யர் 1947 வரை அங்கே இருந்தார். 1939 இல் ஜவகர்லால் நேரு வந்து போனதன் பின்னர் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. அதன் தொழிற்சங்கம் வேகமாக வளர, நடேசய்யரின் சம்மேளனம் தேய்ந்தது. வாசலைத் திறந்தவர் ஒருவர், உள்ளே கூட்டத்தோடு போனவர்கள் வேறு சிலர். அரசியலில் இது புதிதல்ல.

நடேசய்யரின் காலத்திலேயே மேல்நாட்டில் தொழில் திருப்தியை எண்ணால் அளக்கும் வழிகள் உருவாகின. 1932 இல் ரென்சிஸ் லைக்கேட் என்பவர், முற்றாக உடன்படுகிறேன் என்பது முதல் முற்றாக மறுக்கிறேன் என்பது வரை ஐந்து படிகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். 1935 இல் றொபேட் ஹொப்பொக் என்ற அமெரிக்கர், நியூ ஹோப் என்ற சிற்றூரில் தொழில் செய்வோரைக் கேட்டுத் தொழில் திருப்தி பற்றி நூல் எழுதினார். இன்று நிறுவனங்கள் கொடுக்கும் வினாக்கொத்துகளில் 1 முதல் 5 வரை வட்டமிடச் சொல்வது இந்த வழியில் வந்ததுதான். பெயர் எழுதத் தேவையில்லை என்று அதன் மேலே அச்சிட்டிருப்பார்கள். காரணம் உங்களுக்கு இப்போது தெரியும்.

கேளாமலே அளக்கும் வழிகளும் உண்டு. ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சராசரியாக 200 ஊழியர் வேலை செய்கிறார்கள், ஒரு வருடத்தில் 30 பேர் விலகினார்கள் என்று வைத்துக்கொள்வோம். 30 ஐ 200 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்கினால் 15 வீதம். இது ஊழியர் புரள்வு வீதம். விலகல் கூடினால் ஏதோ குறை இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். வரவு வீதத்தையும் இவ்வாறே கணிக்கலாம். ஆனால் ஒரு நாள் லீவு எடுத்தாலும் வரவுக் கொடுப்பனவு முழுவதும் வெட்டுப்படும் இடத்தில், காய்ச்சலோடும் வேலைக்கு வருவார்கள். அந்த 100 வீத வரவு சந்தோசத்தின் அளவா, கொடுப்பனவின் அளவா? எமது பகுதியிலும் முற்காலத்தில் போடியாரிடம் முற்பணம் வாங்கிய முல்லைக்காரர் அடுத்த போகத்திலும் அதே வயலில் நின்றார் என்றால், பாசம் மட்டுமா காரணம் என்று உங்கள் அப்பாமாரிடமும் மூத்தோரிடமும் கேட்டுப் பாருங்கள். விதவிதமான விடைகள் கிடைக்கும், எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

1947 தேர்தலில் நடேசய்யர் வெற்றி பெறவில்லை. அவ்வாண்டு நவம்பர் மாதம் 7 ஆம் திகதி காலமானார். சுதந்திரம் கிடைப்பதற்கு மூன்று மாதங்களே இருந்தன. அடுத்த வருடம் வந்த பிரசாவுரிமைச் சட்டத்தினாலும் 1949 இன் தேர்தல் சட்டத் திருத்தத்தினாலும், அவர் மூட்டை சுமந்து தேடிப் போன மக்களிற் பெரும்பாலானோர் வாக்குரிமையை இழந்தனர்.

பயிற்சிக்காக ஒரு வினா. உங்கள் ஊரிலுள்ள அரிசி ஆலை ஒன்றில் 25 பேர் வேலை செய்கிறார்கள். கடந்த மூன்று வருடங்களில் ஒருவரும் விலகவில்லை. ஊழியர் அனைவரும் திருப்தியாக உள்ளனர் என்று உரிமையாளர் கூறுகிறார். இதை உறுதிப்படுத்த நீங்கள் திரட்ட வேண்டிய மூன்று தகவல்களையும், ஒவ்வொன்றையும் யாரிடம், எங்கே வைத்துக் கேட்பீர்கள் என்பதையும் காரணத்துடன் எழுதுக. (6 புள்ளிகள்) தகவலுக்கு ஒரு புள்ளி, காரணத்துக்கு ஒரு புள்ளி. காரணத்தை விட்டுவிட்டால் பாதிப் புள்ளி போய்விடும்.